0.35 பெரியதா, 0.4 பெரியதா? தாயக்கட்டையை உருட்டிப் பாருங்கள்

பெங்களூரு முருகேஷ்பாளையாவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஆறாவது படிக்கும் மகளிடம் 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்றால் 0.35 என்கிறாளாம். திருத்தினால் தலையாட்டுகிறாள், மறுநாள் மறுபடி அதே தவறு. போன வாரம் நிகழ்தகவுக் கணக்கு ஒன்று வந்திருக்கிறது. முதல் பையில் 8 கோலி, அதில் 3 சிவப்பு. இரண்டாவது பையில் 5 கோலி, அதில் 2 சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோலி எடுத்தால் எந்தப் பையில் சிவப்பு வர வாய்ப்பு அதிகம்? வகுத்து 0.375, 0.4 என்று சரியாகக் கொண்டுவந்துவிட்டு, கடைசி வரியில் 'முதல் பை' என்று எழுதியிருக்கிறாள். இரண்டு பாடத்திலும் பின்தங்கியிருக்கிறாளா, இல்லை ஒரே இடத்தில்தான் சிக்கியிருக்கிறாளா என்பது கேள்வி.

ஒரே இடம்தான். 3ஐ 8ஆல் வகுக்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு நிகழ்தகவு ஓரளவு பிடிபட்டுவிட்டது. அவள் சறுக்கியது கடைசிப் படியில். புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதை முழு எண்ணாக வாசித்து, 375 பெரியது, 4 சின்னது என்று முடிவு கட்டிவிட்டாள். நான் அல்சூரில் பதினேழு வருஷமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். வருஷத்துக்கு நாலைந்து பேராவது இந்தச் சிக்கலோடு வருகிறார்கள். நல்ல மார்க் வாங்குகிறவர்களும் அதில் உண்டு.

முதலில் ஒன்று, அவளைத் திட்டாதீர்கள். சுற்றியிருக்கும் எல்லாமே அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது. வீட்டில் ஐபிஎல் ஓடுகிறதா? 4.5 ஓவர் முடிந்து இன்னொரு பந்து போட்டால் 5 ஓவர். அங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஐந்து பந்து, பத்தில் ஐந்து அல்ல. 19.3 ஓவர் என்பது பத்தொன்பதரை ஓவர். அதைத் தசமத்தில் எழுதினால் 19.5. ரன் ரேட் போடுகிறவர்கள் இப்படி மாற்றிக்கொண்டுதான் வகுப்பார்கள். செல்போனில் ஒரு ஆப்பின் 9.9 பதிப்புக்குப் பிறகு 9.10 வருகிறது. பாடப்புத்தகத்தில் பயிற்சி 2.9க்கு அடுத்தது 2.10. பள்ளி வேன் 7.45க்கு வரும், 8க்கு இன்னும் பதினைந்து நிமிஷம். இவ்வளவும் புள்ளி வைத்து எழுதியவைதான், ஒன்றுகூடத் தசமம் இல்லை. இதையெல்லாம் நாள் முழுக்கப் பார்க்கிற பிள்ளை, புள்ளி என்பது இரண்டு முழு எண்களைப் பிரித்து வைக்கும் வேலி என்று நினைத்துக்கொண்டால் அதில் என்ன ஆச்சரியம்?

காசும் உதவாது. பல பேர் தசமத்தை ரூபாய், பைசா வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. விலை எழுதும்போது எப்போதும் இரண்டு இடம்தான்: 12.50, 12.05. நீளம் ஒன்றாகவே இருப்பதால் முழு எண்ணாக வாசித்தாலும் விடை சரியாக வந்துவிடும், தவறு ஒளிந்துகொள்ளும். "3.5 ரூபாய்னா எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "மூணு ரூபா அஞ்சு பைசா" என்று வந்தால் நோய் தெரிந்துவிட்டது. காய்கறிக் கடை எலெக்ட்ரானிக் தராசும் இப்படித்தான். 0.350, 0.400 என்று மூன்று இடமும் காட்டிவிடுகிறது. பிள்ளை யோசிக்க வேண்டிய இடமே வருவதில்லை.

நாம் வாசிக்கும் விதமும் ஒரு காரணம். 0.35ஐ 'பாயிண்ட் முப்பத்தஞ்சு' என்று சொல்லிவிடுகிறோம். முப்பத்தைந்து என்று காதில் விழுந்த பிறகு நாலு எப்படிப் பெரிதாகும்? என் வகுப்பில் இதற்கு மட்டும் கண்டிப்பு உண்டு. புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும்: புள்ளி மூன்று ஐந்து. புள்ளி நான்கு. இதை மட்டும் இரண்டு வாரம் கடைப்பிடித்தாலே பாதி பிள்ளைகள் தாமாகவே தடுமாறி நின்று யோசிக்க ஆரம்பிக்கிறார்கள்.

தவறிலும் இரண்டு வகை இருக்கிறது. எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இதை நீண்ட காலம் ஆராய்ந்து, 'நீளமானது பெரியது' என்று நம்பும் பிள்ளைகள், 'குட்டையானது பெரியது' என்று நம்பும் பிள்ளைகள் என்று பிரித்துக் காட்டினார்கள். உங்கள் மகள் முதல் வகை. இரண்டாவது வகை இன்னும் தந்திரமானது. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சின்னது என்று டீச்சர் சொன்னதை அந்தப் பிள்ளை நன்றாகக் கேட்டிருக்கும். அதனால் நூறாம் இடம் வரை போகிற எந்த எண்ணும் சின்னதுதான் என்று தீர்மானித்துவிடும். அதனிடம் 0.35, 0.4 கொடுத்தால் 0.4 பெரியது என்று சொல்லும், டீச்சரும் டிக் போட்டுவிடுவார். 0.45, 0.3 கொடுத்தால்தான் மாட்டும். நான் புதுப் பிள்ளை வந்தால் 4.8, 4.63 ஒரு ஜோடி, 0.45, 0.3 இன்னொரு ஜோடி, இரண்டையும் சேர்த்தே கேட்பேன். ஒரு ஜோடியை மட்டும் கேட்டு முடிவு சொன்னால் ஏமாந்துவிடுவோம்.

சரி, இடமதிப்புக்கு வருவோம். ஒன்றைப் பத்தாகப் பிரித்தால் ஒரு துண்டு, பத்தில் ஒன்று. அந்தத் துண்டை மறுபடி பத்தாகப் பிரித்தால் நூறில் ஒன்று. அதையும் பத்தாக்கினால் ஆயிரத்தில் ஒன்று. 0.4இல் பெரிய துண்டு நாலு. 0.35இல் பெரிய துண்டு மூன்று, அதோடு குட்டித் துண்டு ஐந்து. குட்டித் துண்டு பத்து சேர்ந்தால்தான் ஒரு பெரிய துண்டு. ஐந்து போதாது, அதனால் 0.35 தோற்கிறது. இந்த 'போதாது'தான் முழு விஷயமும். 0.39 போட்டாலும் போதாது, 0.399 போட்டாலும் போதாது, ஒன்பதாகவே இருபது இலக்கம் எழுதினாலும் 0.4ஐத் தொட முடியாது. (முடிவே இல்லாமல் ஒன்பது போய்க்கொண்டிருந்தால் அது 0.4 ஆகவே ஆகிவிடும். அந்தக் கதை ஆறாம் வகுப்புக்கு வேண்டாம்.) ஆகவே இடமிருந்து வலமாகப் போய், முதன்முதலில் எந்த இடத்தில் இலக்கம் வேறுபடுகிறதோ அங்கேயே தீர்ப்பு முடிந்தது. அதற்கப்புறம் வருவதைப் பார்க்கவே வேண்டாம்.

இது அகராதி பார்க்கிற மாதிரி. 'கடற்கரை' முன்னால் வரும், 'கல்' பின்னால் வரும். முதல் எழுத்து இரண்டிலும் க. இரண்டாவதில் ட வரிசை முந்தியது, ல வரிசை பிந்தியது, தீர்ந்தது. கடற்கரையில் எழுத்து அதிகம் என்பதால் அதைப் பின்னால் தள்ளுவோமா? தமிழ் அகராதி புரட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிக்கும். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் அகராதியைத் தொட்டே பழக்கமில்லை என்பது வேறு வருத்தம். ஆங்கில அகராதியை வைத்தும் சொல்லலாம், ஞாயம் ஒன்றுதான்.

பூஜ்யம் ஒட்டும் வித்தையைப் பற்றி நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். 0.4ஐ 0.40 ஆக்கு, இப்போது 35, 40 என்று பார், 40 பெரியது, அவ்வளவுதான். தவறில்லை, பரீட்சைக்கு ஓடும். ஆனால் முதல் நாளே இதைக் கொடுத்தால், புள்ளிக்குப் பின்னால் இருப்பது முழு எண்தான் என்ற அவள் நம்பிக்கைக்கு நாமே உரம் போட்டதாகிவிடும். எதற்காக ஒட்டலாம், 0.4 ஏன் 0.40க்குச் சமம், 0.04க்கு ஏன் சமமில்லை என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. இதற்குப் பதில் சொல்ல நிகழ்தகவுதான் எனக்குக் கைகொடுத்தது. 0.4 வாய்ப்பு என்றால், பத்து தடவை எடுத்தால் சுமார் 4 தடவை சிவப்பு. ஆயிரம் தடவை எடுத்தால் சுமார் 400. 0.375 என்றால் ஆயிரத்துக்கு சுமார் 375. 0.4ஐ 0.400 என்று எழுதும்போது நாம் அதே வாய்ப்பை ஆயிரம் தடவைக்கு எவ்வளவு என்று சொல்கிறோம். எத்தனை தடவை என்பதை இரண்டு பைக்கும் ஒன்றாக்கினோம், ஒப்பிட முடிந்தது. பூஜ்யத்துக்கு இப்போது ஒரு அர்த்தம் வந்துவிட்டது.

இங்கே நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்யாமல் இருக்க. உங்கள் கேள்வியில் இருப்பது போலவே 8 கோலி, 5 கோலி பைகள் இரண்டைத் தயார் செய்து, ஒரு பையனை உட்கார வைத்து, ஒவ்வொன்றிலும் நாற்பது தடவை எடுக்கச் சொன்னேன். எடுத்த கோலியைத் திரும்பப் போட்டுக் குலுக்கித்தான். கணக்குப்படி முதல் பையில் 15 சிவப்பு, இரண்டாவதில் 16. வந்தது முதல் பையில் 18, இரண்டாவதில் 14. "பாத்தீங்களா ஆன்ட்டி, நான் சொன்னேன்ல?" என்று குதித்தான். என்னத்தைச் சொல்ல? நாற்பதுக்கு ஒன்று என்ற வித்தியாசத்தை நாற்பது தடவையில் பார்க்க நினைத்தது என் முட்டாள்தனம். அப்படி எடுத்தால் முதல் பை ஜெயிக்கவோ சமமாக நிற்கவோ உள்ள வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நெருங்கிய வாய்ப்புகளைப் பிரித்துக் காட்ட ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும், டியூஷன் நேரம் போதாது. ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வாய்ப்புகள் ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு, நாலு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும்.

அதற்கு நம் வீட்டுத் தாயக்கட்டையை மிஞ்ச ஒன்றும் இல்லை. நீளமான பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு முகம், புள்ளிகள் 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் மொத்தம் 4 × 4, பதினாறு விதமாக விழலாம். தாயம், அதாவது 1 விழ இரண்டு வழி: முதல் கட்டையில் 1, மற்றதில் 0, அல்லது மாற்றி. இரண்டிலும் 0 என்றால் பன்னிரண்டு, அதற்கு ஒரே வழி. ஆறுக்கும் ஒரே வழி, 3ம் 3ம். ஐந்துக்கு இரண்டு வழி. இரண்டுக்கு மூன்று, நாலுக்கு மூன்று. மூன்றுக்குத்தான் அதிகம், நாலு வழி. கூட்டினால் பதினாறு வருகிறதா என்று பிள்ளையையே சரிபார்க்கச் சொல்லுங்கள். 'ஒன்றிலிருந்து ஆறு, அப்புறம் பன்னிரண்டு, ஏழு விதம்தானே, அப்போ ஒவ்வொன்றுக்கும் ஏழில் ஒன்று' என்று சில பிள்ளைகள் சொல்லும். அதை அப்படியே விட்டுவிட்டு உருட்டச் சொல்லுங்கள், கட்டையே பதில் சொல்லிவிடும்.

இப்போது வகுக்கலாம். பன்னிரண்டு விழ வாய்ப்பு 1/16, அதாவது 0.0625. தாயம் 2/16, அதாவது 0.125. இரண்டு விழ 3/16, அதாவது 0.1875. மூன்று விழ 4/16, அதாவது 0.25. இதைப் பார்த்தீர்களா? எண் நீளமாக நீளமாக வாய்ப்பு கூடுகிறது என்று நம்புகிற பிள்ளைக்கு, 0.0625தான் பெரியது, 0.25 சின்னது. அப்படியென்றால் மூன்றைவிடப் பன்னிரண்டு அடிக்கடி விழ வேண்டும். தாயம் ஆடிப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் பன்னிரண்டு விழுவது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். பன்னிரண்டு விழுந்தால் வீடே கத்துமே! அந்த இடத்தில்தான் அவளுடைய அனுபவமும் அவளுடைய தவறான விதியும் நேருக்கு நேர் மோதுகின்றன. நான் எத்தனை தடவை விளக்கினாலும் நடக்காதது அந்த மோதலில் நடந்துவிடும்.

போன ஏப்ரலில் ஒரு பெண், இவளும் ஆறாவதுதான், சேலத்துப் பாட்டி கொடுத்த கட்டையோடு வந்தாள். தரையில் உருட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார் என்று பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டோம். நோட்டில் ஏழு கட்டம் கிழித்து, அறுபத்து நாலு தடவை உருட்டி, ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டாள். பதினாறின் மடங்கு என்பதால் அறுபத்து நாலு. முடிவில் தாயம் 9, இரண்டு 11, மூன்று 14, நாலு 13, ஐந்து 7, ஆறு 5, பன்னிரண்டு 5. அதையும் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றுக்கு 14/64 = 0.21875. நாலுக்கு 13/64 = 0.203125. பன்னிரண்டுக்கு 5/64 = 0.078125.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ஐந்து இலக்கம் உள்ள 0.21875க்குப் பதினாலு கோடு, ஆறு இலக்கம் உள்ள 0.203125க்குப் பதின்மூன்று கோடு. கோடு அவள் கையால் போட்டது, பொய் சொல்லாது. அப்புறம் பென்சிலால் புள்ளிக்கு அடுத்த இலக்கத்தைத் தட்டிக்கொண்டே, "ரெண்டும் ரெண்டு... இங்க ஒண்ணு, இங்க சைபர்... ஓ, இங்கயே முடிஞ்சிடுச்சா ஆன்ட்டி?" என்றாள். பன்னிரண்டின் 0.078125ஐப் பார்த்து, "இதுல பத்தாம் இடத்துலயே சைபர், இது அப்பவே அவுட்" என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதினாறு வழிகளும் சமம் என்பது கட்டையின் நாலு முகமும் ஒரே மாதிரி இருந்தால்தான். பாட்டி காலத்துக் கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். உருட்டுகிற கைக்கும் பங்கு உண்டு, என் பெரியம்மா உள்ளங்கையில் தேய்த்து விடுகிற விதத்தில் கேட்ட எண்ணை விழவைப்பார். அது நிகழ்தகவு இல்லை, கைவித்தை. குலுக்கி, சுவரில் மோதும்படி உருட்டச் சொன்னால் அந்தக் குறை போகும். தாயத்தில் வீட்டுக்கு வீடு விதியும் மாறும். எங்கள் வீட்டில் 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம். அதற்கான வழிகள் 2 + 2 + 1 + 1, ஆறு. 6/16, அதாவது 0.375. உங்கள் மகளின் முதல் பையும் அதேதான்!

பன்னிரண்டையும் மூன்றையும் முடித்தபின் பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தாயத்துக்கு எட்டில் ஒரு வாய்ப்பு என்றால், எட்டு தடவை உருட்டினால் தாயம் விழுந்தாக வேண்டுமே? காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். ஒரு தடவை தாயம் விழாமல் இருக்க வாய்ப்பு 7/8, அதாவது 0.875. எட்டு தடவையும் விழாமல் இருக்க 0.875ஐ எட்டு முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.344. மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே. கால்குலேட்டரில் ஒவ்வொரு பெருக்கலுக்கும் எண் எப்படி நீண்டுகொண்டே போய்ச் சின்னதாகிறது என்று காட்டுங்கள்: 0.875, 0.765625, 0.669921875. நீளம் ஏறுகிறது, மதிப்பு இறங்குகிறது.

தாயத்தோடு சொல்லிவிட வேண்டிய இன்னொன்று நம் பழைய பின்னங்கள். எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டுப் புத்தகத்தை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இதில் குழப்பமே கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர் இருந்தது. கால், அதில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி. மாகாணிக்கு வீசம் என்றும் பெயர். தசமத்தில் எழுதினால் 0.25, 0.125, 0.0625. மேலே பாருங்கள், மூன்று விழ வாய்ப்பு கால், தாயம் விழ அரைக்கால், பன்னிரண்டு விழ மாகாணி. 'காலைவிட மாகாணி பெரியது' என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். இன்னும் கீழே போனால் மா, இருபதில் ஒன்று, 0.05. காணி, எண்பதில் ஒன்று, 0.0125. முந்திரி, முந்நூற்று இருபதில் ஒன்று, 0.003125. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 0.05 + 0.0125 = 0.0625. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. இந்த வரியை எந்தப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டினாலும் ஒரு தடவை கண் விரியும்.

பாட்டி தலைமுறையும் தசமத்துக்கு மாறியபோது திணறித்தான் போனது. 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றிலிருந்து நூறு நயா பைசா. ஒரு அணா என்பது ரூபாயில் மாகாணி, அதாவது 6.25 நயா பைசா. அரை அணா 3.125. கடைக்காரர் 3 என்பார், வாங்குகிறவர் ஏன் என்பார். எங்கள் பாட்டி கடைசி வரை கத்தரிக்காயை அணாவில்தான் பேரம் பேசினார். பதினாறாகப் பிரித்துப் பழகிய கை பத்தாகப் பிரிக்க வர நாளாகும், பிள்ளைக்கும் அப்படித்தான்.

உங்கள் மகள் கொஞ்சம் தேறிய பிறகு, பெரிய எண்ணிக்கையில் நிஜமாகவே உருட்டியவர்களின் கதையைச் சொல்லுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் பஃபோன் என்ற இயற்கை அறிஞர் நாணயத்தை 4040 தடவை சுண்டிய கணக்கில் 2048 தடவை தலை. ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 24,000 தடவை சுண்டினார், 12,012 தலை. இரண்டாம் உலகப்போரின்போது டென்மார்க்கில் காவலில் அடைபட்டிருந்த கெர்ரிச் என்ற கணிதக்காரர், வேறு வேலை இல்லாமல் 10,000 தடவை சுண்டினார், 5067 தலை. வகுத்தால் 0.5069, 0.5005, 0.5067. எது பெரியது, எது 0.5க்கு மிக அருகில்? பத்தாம் இடம் மூன்றிலும் 5, நூறாம் இடம் மூன்றிலும் 0. ஆயிரமாம் இடத்தில் பியர்சன் பிரிந்துவிடுகிறார். பஃபோனையும் கெர்ரிச்சையும் பிரிக்கப் பத்தாயிரமாம் இடம் வரை போக வேண்டும். இடமதிப்புக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது. அதிக தடவை சுண்டியவர்தான் பாதிக்கு நெருக்கமாக இருக்கிறார் என்பதையும் அவளே கவனிப்பாளா என்று பாருங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

சதவீதம் பற்றி ஒரு வரி. செல்போனில் மழை வாய்ப்பு 5% என்று வந்தால் அது 0.05, 0.5 இல்லை. 0.5 என்றால் குடை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதேபோல வாய்ப்பு கேட்ட கணக்கில் விடை 1.25 வந்தால், இடமதிப்பைப் பார்க்கவே வேண்டாம், வகுத்தது தலைகீழ்.

பித்தளைக் கட்டை இல்லையென்றால் பூஜைச் சாமான், பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதுவரை இரண்டு எவர்சில்வர் டம்ளர் போதும். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 எழுதிய நாலு சீட்டு, ஒரே அளவில் மடித்துப் போடுங்கள். இரண்டு டம்ளரிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து, கூட்டி, கோடு போட்டு, சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். உருட்ட ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டு, அவள் பதிலை நோட்டின் மேல் ஓரத்தில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: பன்னிரண்டு 0.0625, மூன்று 0.25, எது அதிகம் விழும்? அறுபத்து நாலு தடவை முடிந்ததும் அந்த ஓரத்தை அவளே பார்த்துக்கொள்வாள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், கோடு போடும் பென்சிலை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.